எல்லார் முன்னாலும் சொன்ன பாஸ்வேர்டு

2007ஆம் வருடம் என்று நினைவு. வடசென்னை விம்கோ நகரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. கப்பலில் வரும் கன்டெய்னருக்குச் சுங்க வேலைகளை முடித்து, சரக்கை உரியவரிடம் சேர்ப்பதுதான் எங்கள் தொழில். கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். பெட்டி எண்ணூர் பக்கம், பெட்டிகளை இறக்கி வைக்கும் ஒரு தனியார் யார்டுக்கு வந்துவிட்டதா என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்க்க வேண்டும். பார்ப்பது சுலபம். உள்ளே நுழைவதுதான் தொல்லை. ஐடியும் பாஸ்வேர்டும் போட்டு நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவே நம்மை வெளியே தள்ளிவிடும். மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பேன்.

மகள் அப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். "ஏம்மா, இதெல்லாம் மனுஷன் பண்ற வேலையா? நீ தூங்கு, அதுவே பாத்துக்கும்" என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். அது என் ஐடியில் தானே உள்ளே போகும். தள்ளிவிட்டால் திரும்பவும் போகும். பெட்டி வந்துவிட்டால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும்.

டீக்கடையில் இதைச் சொன்னேன். மற்ற ஏஜென்ட்டுகள் சூழ்ந்துகொண்டார்கள். "யக்கா, என்னுதயும் சேத்துடச் சொல்லு பாப்பாவ. இன்னிக்கு டீ என்னுது" என்றார் ஒருவர். எங்கள் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதே நம்பிக்கையில் பாஸ்வேர்டையும் கொடுத்தார்கள். யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வீட்டுக்கே வந்தார். பேரீச்சம்பழம் இறக்குமதி செய்கிறவர், யார்டில் அவருக்கும் சொந்தமாக ஐடி உண்டு. கனத்த உடம்பு, அதிகம் பேசாத சுபாவம். எனக்கு அவரோடு முகப்பழக்கம் மட்டும்தான். பாஸ்வேர்டை மகளின் காதருகே குனிந்து சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காத பாப்பா, தட்டு" என்றார். அவர் முகம் சிவந்துவிட்டது.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒரு நாள் காலை என் முதலாளிக்கு யார்டிலிருந்து போன். விம்கோ நகரில் ஒரே வீட்டிலிருந்து யாரோ பல ஏஜென்ட்டுகளின் ஐடியில் நுழைகிறார்களாம். அந்த வாரம் யார்டில் இணையதளத்தை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் புரோகிராமுக்குக் கதவு திறக்கவில்லை. அது விடாமல் தட்டித் தட்டி, மொத்தத் தளமும் முடங்கிவிட்டது. யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டார்கள், போலீசுக்குப் போகப் போகிறோம் என்றார்கள். அது எங்கள் வீடுதான் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன்; மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டது யார்டு.

மகளுக்கு அப்போதுதான் கேம்பஸில் வேலை கிடைத்திருந்தது. வழக்கு என்று ஒன்று வந்தால் அந்த வேலை போகும். அதற்குப் பிறகு யார் அவளை நம்பிக் கம்ப்யூட்டரைத் தொட விடுவார்கள்? யார்டுக்குப் போகும் ஆட்டோவில் அவள் என் முந்தானை நுனியைச் சின்னக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யார்டில் ஐடி வைத்திருந்த எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேலாளர் ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாமல் கேட்டார்: "பாஸ்வேர்டை அடுத்தவங்ககிட்ட கொடுத்திருந்தா உங்க ஐடியை நிறுத்திடுவோம். கொடுக்கலைன்னா இது திருட்டு. அதை போலீஸ் பாத்துக்கும். யார் யார் கொடுத்தீங்க?"

நான் எழுந்து, எங்கள் அலுவலகத்து பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன் என்றேன். "நீங்க அவளோட அம்மா. மத்தவங்க சொல்லட்டும்" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஐடி இல்லாவிட்டால் தொழில் நின்றுபோகும். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. டீ வாங்கிக் கொடுத்தவர் மின்விசிறியைப் பார்த்தபடி, "எனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார்.

அப்போது பாய் எழுந்தார். "நான் குடுத்தேன்."

பக்கத்திலிருந்தவர் அவர் சட்டையை இழுத்தார். "சும்மா குந்து பாய், பேஜாரா பூடும்."

"வுடு மாமு."

மேலாளர் நம்பவில்லை. "பொண்ணு பாவம்னு சொல்றீங்களா பாய்? உங்க பெட்டி உள்ளதான் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுதாம்மா பேசறேன். என் பாஸ்வேர்டு இன்னா தெரியுமா? என் வூட்டம்மாவ நான் கூப்புடுற பேரு. அதுவும் அது கோவமா கீற அன்னிக்குத்தான் கூப்புடுவேன். என் புள்ளைங்களுக்கே தெரியாது. நான் சொல்லாம இந்தப் பாப்பாவுக்கு எப்புடித் தெரியும்?"

சொல்லிவிட்டு, அந்தப் பெயரையும் எல்லார் முன்னாலும் சொன்னார்.

முதலில் சிரித்தது மேலாளர்தான். பிறகு அறையே சிரித்தது. "இத்தினி நாளா இது தெரியாம பூட்ச்சே பாய்!" என்றது ஒரு குரல். "வெளிய வா, சொல்றேன்" என்றார் பாய். காது மடல்வரை சிவந்திருந்தார். மூலையில் ஒரு கை உயர்ந்தது. அடுத்து இன்னொன்று. கடைசியில் மின்விசிறியைப் பார்த்தவரும், "நானுந்தான் மேடம்... டீ வேற வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

நான் அழுதேன். மகள் அழவில்லை. புரோகிராமை எப்படி எழுதினாள் என்று மேலாளரும் அவருடைய கம்ப்யூட்டர் ஆட்களும் கேட்கக் கேட்க விளக்கிக்கொண்டிருந்தாள். பெரிய கப்பல் கம்பெனிகளின் புரோகிராம்களுக்கு அவர்கள் ஏற்கெனவே ஏ.பி.ஐ. என்று ஒரு தனி வாசல் வைத்திருந்தார்களாம். புரோகிராமுக்கென்றே ஒரு சாவி கொடுப்பார்கள். அதைக் காட்டினால் பெட்டி விவரத்தைப் பார்க்க மட்டும் விடும். எந்த மனிதரின் பாஸ்வேர்டும் வேண்டாம். எங்களைப் போன்ற சின்ன ஏஜென்ட்டுகளும் அதைக் கேட்கலாம் என்று அதுவரை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. போலீசுக்குப் போகவில்லை. ஐடிகளை ஒரு வாரம் நிறுத்தியதோடு விட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் பாயின் பெட்டி யார்டிலேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்கப் போனபோது கையை வீசி மறுத்தார். "பெட்டி இன்னா அழுவுதா? வூட்லதாம்மா பேஜாரு. பாஸ்வேர்ட மட்டும் மாத்துனா போதாது, பேரயும் மாத்துங்கறா."

மகள் இன்று இதே மாதிரி வாசல்களைக் கட்டும் வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எனக்கு இன்றைக்கும் மறுபடியும் அந்த அறையில் நிற்பதுபோல் இருக்கும். ஒருவரும் எழாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் முதலில் நினைவுக்கு வரும், பாய் எழுந்தது அப்புறம்தான். அவர் அன்று அறை முழுவதற்கும் சொன்ன பெயரை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதவில்லை. என் பிள்ளைக்காக அவர் வெளியே விட்ட ஒன்றைத் திரும்பப் பூட்டி வைக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.