இருபத்திரண்டு வேதப் புத்தகமும் ஒரு குங்குமப் பொட்டும்

துப்பரவு வேலைக்குப் புதிதாக வருகிற எங்கள் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெல்லத்தான் வரும், ஆனால் வரும். அவசரப்படுகிறவர்கள் வேறு யாராவது எழுதியதை வாசிக்கலாம்.

1. முதல் நாள் வாங்கிய பேச்சு

மெல்பேணில் யூதப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் டே கிளீனராக இருந்தேன். டே கிளீனர் என்றால் பிள்ளைகள் இருக்கும்போதே வேலை. காலை ஏழரைக்குப் போனால் பின்னேரம் நான்குக்கு வரலாம். அதற்கு முன்பு மல்கிரேவ் என்ற இடத்தில், ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு அலுவலகக் கந்தோர்கள் துப்பரவாக்கினேன். அங்கே மனிசரையே காண முடியாது, குப்பைக்கூடையைத்தான் காணலாம். அதனால் பள்ளிக்கூட வேலை கிடைத்தபோது பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரித்தான் போனேன்.

முதல் நாளே பேச்சு வாங்கினேன். இரண்டாம் வகுப்பு அறையில் மேசை துடைக்கும்போது, கிடந்த கணக்குக் கொப்பியை எடுத்து ஒரு தடித்த புத்தகத்துக்கு மேலே வைத்தேன். ஏழு வயசுப் பெட்டை ஒன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தது. இங்கிலீசில் சொன்னதை என் வாய்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"அதுக்கு மேல ஒண்டும் வைக்கக் கூடாது. அது தோரா."

"சொறி" என்றேன்.

"என்னட்டச் சொறி சொல்லத் தேவையில்லை. கொப்பியை எடுங்கோ."

நான் நான்கு பிள்ளை வளர்த்தவள். ஒன்றுகூட என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. கொப்பியை எடுத்தேன்.

தோரா என்பது அவர்களுடைய வேதம். இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அம்மாமார் அதற்கு உறை போட்டு, பிள்ளையின் பெயரை மினுங்குகிற எழுத்தில் ஒட்டி அனுப்புவார்கள். தினமும் முதல் பாடம் அதுதான். ரீச்சர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லும். முடிந்ததும் சுவரில் ஒட்டியிருக்கிற நீளத் தாளில் அந்த நாளுக்குரிய கட்டத்துக்கு ஒரு பிள்ளை நிறம் தீட்டும். சனி, ஞாயிறுக்கும் கட்டம் உண்டு. வீட்டில் இருக்கிற வேதத்தில் படித்துவிட்டு வந்து தீட்ட வேண்டும். வெறுங் கட்டம் இருக்கக் கூடாது.

2. பிஸ்கற் தூள்

இனி என் கரைச்சலைச் சொல்கிறேன்.

அந்தப் புத்தகம் கை தவறி விழுந்தால் பிள்ளைகள் எடுத்து முத்தம் கொடுக்கும். நல்ல பழக்கம். எங்கள் வீடுகளில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது போல. ஆனால் முத்தம் கொடுத்த அதே புத்தகத்தைத் திறந்தால் நடுப்பக்கத்தில் அரைப் பிஸ்கற் இருக்கும். மேசைக்குக் கீழே தூள். கதிரைக்குக் கீழே தூள். நான் வக்கியூம் இழுத்துக்கொண்டு போக, எனக்குப் பின்னாலேயே கொட்டிக்கொண்டு வருவார்கள்.

வருஷத்தில் ஒரு பெருநாள் அவர்களுக்கு உண்டு. அந்த எட்டு நாளும் பாண், பிஸ்கற் தூள் ஒரு துணுக்கும் எங்கும் இருக்கக் கூடாது. அதற்கு முந்தின கிழமை ரீச்சர் எல்லாரையும் வரிசையில் விட்டு, விரிப்புக்கு மேல் ஒவ்வொரு புத்தகமாக உதற வைப்பார். பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். மற்றக் கிழமையெல்லாம் உதறுகிறவள் நான்.

நேரமும் அப்படித்தான். முதல் பாடம் முடியாமல் அறைக்குள் நான் போக முடியாது. ஒரு நாள் காலையில் தீ விபத்து ஒத்திகை மணி அடித்தது. பள்ளிக்கூடம் முழுவதும் மைதானத்துக்கு ஓட, இந்த இரண்டாம் வகுப்பு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து புல்லில் நின்று மிச்ச வரிகளை முடித்தது. சரி, இப்போதாவது அறைக்குள் போகலாம் என்றால் நெருப்பு மணி அடித்தால் யாரும் உள்ளே போகக் கூடாதாம். மொப்பும் கையுமாக வெயிலில் நின்றேன்.

"ஒரு நாளைக்கு விட்டால் என்ன குறைஞ்சு போயிடும்?" என்று எங்கள் சுப்பர்வைசர் கிருபாவிடம் கேட்டேன். கிருபா சாவகச்சேரி ஆள், கம்பனி வான் வண்டியில் இடம் இடமாகப் போய் வேலை பார்ப்பவன்.

"அன்ரி, அவை மூவாயிரம் வருஷமா விடேல்லையாம். நீங்கள் மொப் அடிக்கிறதுக்காக விடப் போகினமே?" என்றான்.

3. வாணி விழா வெள்ளிக்கிழமை

ஒரு ஒக்டோபர் மாதம். அவர்களுடைய பெருநாள்கள் முடிந்து, வேதத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கு நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சரஸ்வதிக்குரிய மூன்று நாளில் முதல் நாள். அன்றைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம், பூ வைத்துவிட வேண்டும். விஜயதசமியன்றுதான் எடுத்துப் படிக்க வேண்டும். அது திங்கட்கிழமை வந்தது.

என் வீட்டில் அடுக்கப் புத்தகம் ஏது? பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோயில் கலண்டரும் கரண்ட் பில்லும்தான் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கும்.

வெள்ளியில் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குமென்று பள்ளி நேரத்தோடு விட்டுவிடும். நான் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். புத்தகங்கள் கதிரையில் இரண்டு, ஜன்னலில் ஒன்று, மேசைகளில் கண்டபடி. எனக்கு எரிச்சல் வந்தது. இருபத்திரண்டையும் எடுத்து, தூள் உதறி, ரீச்சரின் மேசையில் நேராக அடுக்கினேன். அடுக்கி முடித்துப் பார்த்தால், அது சரஸ்வதி பூசை அடுக்கு மாதிரியே இருந்தது.

கைப்பையில் முந்தின நாள் கோயிலில் சந்தனமும் குங்குமமும் மடித்துத் தந்த சரை கிடந்தது. மேலே இருந்த புத்தகத்தின் உறையில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்தேன். வேலியில் படர்ந்த மல்லிகையில் ஒரு பூப் பறித்து வைத்தேன். கை எடுத்துக் கும்பிட்டேன். திங்கட்கிழமை பிள்ளைகள் எடுத்துப் படிக்கப் போகிறார்கள், எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

4. திங்கட்கிழமை

ஒன்பது மணிக்கு முன்பே கிருபாவின் வான் வந்து நின்றது. அவன் திங்களில் வருவதில்லை.

"அன்ரி, அந்தப் புத்தகத்தில என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டான்.

"அவைக்கு வேற சாமி ஆகாது அன்ரி. வேற சாமிக்குப் படைச்ச சாமான் வீட்டுக்குள்ளயே வைக்க மாட்டினம். புத்தகம் எல்லாத்தையும் அலுமாரியில வைச்சுப் பூட்டிட்டினம். ராபாய் வந்து பாத்துத்தான் சொல்லுவாராம்."

ராபாய் என்பவர் அவர்களுடைய குரு. பள்ளிக்கூடத்தில் வேதப் படிப்புக்கு அவர்தான் பொறுப்பு.

"இப்ப என்னை என்ன செய்யப் போகினம்?"

"இந்த சைற்றிலயிருந்து எடுக்கச் சொன்னால் நான் எடுக்கத்தான் வேணும். திரும்ப மல்கிரேவ்தான்." பிறகு குரலைத் தணித்தான். "இஞ்ச பாருங்கோ. பூ காத்துக்கு வந்தது. சிவப்பு, பிள்ளையள் சாப்பிட்ட தக்காளி சோஸ். அந்தப் புத்தகக்காரி மிரி எப்பவும் சாப்பிட்டுக்கொண்டுதானே படிக்கிறவள். ரீச்சரும் அவளைத்தான் முதல் பேசினவாவாம். அப்பிடியே விட்டால் முடிஞ்சுது."

மிரி அலுவலகத்துக்கு வெளியே கதிரையில் இருந்தாள். புத்தகம் கிடைத்து மூன்று கிழமை ஆகவில்லை. மூக்கு சிவந்திருந்தது. பிஸ்கற் பெட்டி மடியில் திறக்காமல் கிடந்தது. அந்தப் பிள்ளை சாப்பிடாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மல்கிரேவுக்குத் திரும்பிப் போவது எனக்குச் சாவு மாதிரி. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் வைத்த பொட்டுக்கு ஏழு வயசுப் பிள்ளை பேச்சு வாங்குவதா?

5. ஐ புட்

ராபாய் நரைத்த தாடிக்காரர். புத்தகம் அவர் மேசையில் இருந்தது. பூ வாடிச் சுருண்டிருந்தது. நான் தமிழில் சொல்ல, கிருபா இங்கிலீசில் சொல்வதாக ஏற்பாடு.

"நான்தான் வைச்சனான். எங்கட வாணி விழாவுக்குப் புத்தகத்தை அப்பிடி வைக்கிறது வழக்கம்" என்றேன்.

கிருபா இங்கிலீசில் ஏதோ நீளமாகச் சொன்னான். எனக்கு இங்கிலீஸ் கதைக்க வராதே தவிர, காது கேட்கும். ஆக்சிடென்ற் என்ற சொல் கேட்டது.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

"அன்ரி, சும்மா இருங்கோ."

நான் ராபாயைப் பார்த்து நானே சொன்னேன். "ஐ புட். நொட் ஆக்சிடென்ற். மிரி நத்திங் டூ. ஐ புட்."

அவர் கிருபாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். கும்பிட்டீர்களா? ஓம். யாரை? படிப்புக்குரிய எங்கள் சாமியை. புத்தகத்தையா? இல்லை, புத்தகத்துக்கு மரியாதை. நீங்கள் முத்தம் கொடுக்கிறீர்கள், நாங்கள் பொட்டு வைக்கிறோம்.

அவர் தாடியைத் தடவினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. இன்னொரு பெரியவரிடம் கேட்க வேண்டும், கொஞ்சம் இருங்கள் என்றார்.

கொஞ்சம் என்பது மத்தியானம் இரண்டு மணிவரை. சும்மா இருக்க எனக்கு வராது, கொரிடோரை மொப் அடித்தேன். இரண்டாம் வகுப்புக் கதவைத் தாண்டும்போது ராகம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புத்தகம் ஒன்றும் இல்லை. மேசைகள் வெறுமை. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து தெரிந்த மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிரியும் இருந்தாள். முடிந்ததும் ஒரு பிள்ளை எழும்பிப் போய்க் கட்டத்துக்கு நிறம் தீட்டியது. ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்டவள் நான். அதற்கு மறுமொழி கிடைத்தது. நான் மொப்பைப் பிழிந்துகொண்டு அங்காலே போனேன்.

இரண்டு மணிக்கு ராபாய் கூப்பிட்டார்.

"புத்தகம் பழுதில்லை" என்றார். "அது உங்கட புத்தகம் இல்லை. உங்களுக்குச் சொந்தமில்லாத ஒண்டை நீங்கள் எங்களுக்கு ஆகாததா மாத்தேலாது. இது எங்கட பழைய சட்டம். துடைச்சால் காணும், வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை. இனிமேல் கேட்டுச் செய்யுங்கோ."

வேலை தப்பியது. சந்தோசப்பட வேண்டியதுதான். ஆனாலும் சொந்தமில்லாத என்ற அந்தச் சொல் குத்தியது. நான் அங்கே இருந்த பதினொரு வருஷத்தில் அது ஏழாவது வருஷம். அந்த நிலம் என்னுடைய நிலம், அந்த ஜன்னல் என்னுடைய ஜன்னல் என்றுதான் நான் வேலை செய்து வந்தேன்.

துடைக்கிற வேலையை எனக்கே தரச் சொல்லிக் கேட்டேன், தந்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: குங்குமத்தில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் சிவப்பு பரவி ஊறிவிடும். முதலில் காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு துணி நுனியில் துளி ஸ்பிரிட் தொட்டு, வெளியிலிருந்து உள்ளே ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. மிரி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இன்னும் ரோஸ் கலர் தெரியுது, மிஸிஸ் சின்" என்றாள். என் பெயர் சின்னத்துரை, அவ்வளவும் அவர்கள் வாயில் வராது.

"அதுக்கு மேல போகாது. நீர் உம்மட பிஸ்கற் எண்ணெயைப் பூசினால் அது மறைஞ்சிடும்" என்றேன். பாதியை இங்கிலீசிலும் பாதியைக் கையாலும் சொன்னேன். சிரித்தாள்.

போகும்போது ராபாயிடம் ஒன்று கேட்டேன். சட்டம் தெரிந்தவர்தானே, புத்தகத்துக்கு மேல் தின்னக் கூடாது என்று ஒரு சட்டம் போடலாமே என்று.

"அதை நான் இருபது வருஷமாச் சொல்லிக்கொண்டு வாறன்" என்றார். அவர் முகத்திலும் என் முகத்தில் இருக்கிற அதே அலுப்பைக் கண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகங்களை உதறினேன். மிரியின் புத்தகத்திலிருந்து அரைப் பிஸ்கற் விழுந்தது.

படித்த பாடத்தைச் சொல்கிறேன். அடுத்தவர் பொருளைப் பழுதாக்கக் கூடாது என்று எல்லா கம்பனியும் சொல்லித் தரும். அடுத்தவர் பொருளுக்கு மரியாதை செய்வதற்கும் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கேளுங்கள். பிழை விட்டால், விட்டது நான் என்று சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஆள் வைத்தால் காதைத் திறந்து வைத்திருங்கள்.

அடுத்த வருஷம் வாணி விழாவுக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். என் காசு, என் கொப்பி, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பொட்டு வைத்து, பூ வைத்து, விஜயதசமியன்று எடுத்து எழுதத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஒரு நாளும் விடவில்லை, இரண்டு வரியாவது எழுதுகிறேன். இப்போது நீங்கள் வாசித்தது ஆறாவது கொப்பியில் எழுதியது. இதுவரை ஒரு கொப்பியிலும் பிஸ்கற் தூள் இல்லை.