ஆபீஸ், ஆரியா

கிரேன் வேலையில் எங்களுக்கு இரண்டே சொல். ‘ஆபீஸ்’ என்றால் தூக்கு. ‘ஆரியா’ என்றால் இறக்கு. துறைமுகத்து ஆட்களிடமிருந்து வந்த பேச்சு. கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சுருள் தூக்கிய காலமெல்லாம் அதையே கத்தினோம்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, மழைக்காலம். பணக்காரர்கள் போகிற சின்ன விமானம் ஒன்று இறங்கும்போது நிற்காமல் ஓடுபாதையைத் தாண்டி, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. தூக்க எங்கள் கிரேனைக் கூப்பிட்டார்கள். நான், என் மனைவியின் தம்பி, ஆபரேட்டர், மூன்று பேரும் காலையில் போய்ச் சேர்ந்தோம்.

மச்சான் விமானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா மாமா, மீன்பாடி வண்டி மாதிரி கீது. இத்தயா வானத்துல ஓட்றானுங்க?”

“வாய மூடிக்கினு பெல்ட்ட போடு.”

பெயின்ட் உரியக்கூடாது என்று அங்கிருந்த அதிகாரி சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் மூக்குக்கு அடியில் கிரேன் கொக்கியில் மாட்டிய பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, பெல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மச்சான் கோணியைச் செருகிக்கொண்டிருந்தான். அந்த நேரம் அதிகாரி என்னிடம் வந்து, கேட் பாஸ் எங்கே என்றார். இன்ஜின் சத்தத்தில் நான் சொன்னது அவருக்கு விழவில்லை. கத்தினேன்.

“ஆபீஸ்! ஆபீஸ்ல கீது சார்!”

ஆபரேட்டருக்கு முதல் சொல்தான் கேட்டது. தூக்கிவிட்டான்.

பெல்ட் இறுகியது. மச்சான் அலறவில்லை. “மாமா” என்றான், அவ்வளவுதான். ஆரியா, ஆரியா என்று நான் ஓடினேன். இறக்குவதற்குள் வலது கையில் நாலு விரல் நசுங்கிப்போயிருந்தது.

யார் சொல்லித் தூக்கினாய் என்று ஆபரேட்டரை அதிகாரி கேட்டார்.

“கொரல் வந்துச்சி சார், தூக்குனேன்.”

அந்தக் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டவர்தான் அவர். ‘ஆபீஸ்’ என்றால் எங்களிடம் வேறு அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான்.

“நான்தான் சார் சொன்னேன். கைய எட்த்துக்க மறந்துட்டேன்.”

அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். “இன்னாத்துக்குடா அப்டி சொன்ன?”

“கை போனவன எப்டியும் நிறுத்திடுவானுங்க மாமா. உன்னியும் நிறுத்துனா அக்கா இன்னா பண்ணும்?”

மறுநாள் வேலைக்குப் போனேன்.

என் மனைவியிடம் இதைச் சொன்னதில்லை. “கவனம் இல்லாத பையன், அவனே தூக்கச் சொல்லி அவனே கைய குட்த்தான்” என்று இன்றைக்கும் தம்பியைத் திட்டுவாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.