பெற்றவள் சொன்ன சாட்சி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை அவள் மடித்து அடுக்கினால் இஸ்திரிப் பெட்டிக்கு வேலையே இல்லை என்பார்கள். வாயும் சும்மா இராது. "இதுல படுத்தவன் நல்லா தூங்கியிருக்கான்டி, ஒரு கசங்கல் இல்ல பாரு" என்று எதையாவது சொல்லிக் கூடத்தையே சிரிக்க வைப்பாள். புருஷன் போன பிறகு இரண்டு பையன்களையும் ஆளாக்கியது அந்தச் சம்பளம்தான். பெரியவனும் சின்னவனும் சேர்ந்து பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார்கள்.

சின்னவன் தனியாகப் பட்டறை போட நினைத்ததில்தான் வந்தது வினை. அன்று மதியம் அவள் சாப்பாட்டோடு பட்டறைக்குள் நுழைந்தபோது பெரியவன் கத்திக்கொண்டிருந்தான். "தொழில் கத்துக்குடுத்தவனையே கழட்டி விடுறியா?" டயர் கழற்றும் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். சின்னவனுக்குப் பின்னால் சுவர். கையில் ஸ்க்ரூ டிரைவர். அவள் "டேய்!" என்று அலறி முடிப்பதற்குள் பெரியவன் தம்பியின் தோளிலேயே சாய்ந்துவிட்டான். ஒரே குத்து. நெஞ்சில்.

பார்த்தவள் அவள் ஒருத்திதான். செத்தவன்தான் முதலில் கம்பியை ஓங்கினான் என்று கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொன்னாள். எதிரே பெரியவன் மனைவி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "உங்க சின்னப் பிள்ள ஒரு தடவ கொன்னான் அத்தை. நீங்க இப்ப இன்னொரு தடவ கொன்னுட்டீங்க" என்றாள். பேத்தியை இழுத்துக்கொண்டு போனவள் போனவள்தான்.

அவ்வளவு சொல்லியும் கோர்ட் நம்பவில்லை. மிச்சமிருக்கும் பிள்ளையைக் காப்பாற்றத் தாய் எதையும் சொல்வாள் என்று தீர்ப்பில் எழுதி, சின்னவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

அப்பீல் விசாரணைக்கு வரவே வருஷங்கள் ஓடிவிட்டன. "நான் இன்னொரு தடவ வந்து சொல்லட்டுமாம்மா?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

"வேண்டாம்மா. கீழ்க்கோர்ட்டுல நீங்க சொன்னது எழுத்துல இருக்கு. அதத்தான் படிப்பாங்க."

ஹைகோர்ட்டில் விசாரணை நடந்ததைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அரசு வக்கீல் எழுந்து, "இந்தம்மா சொல்றபடியே வெச்சுக்கிட்டாலும், சும்மா மிரட்டத்தான் கம்பியை ஓங்கியிருக்கார். ஒரு அடிகூட விழல" என்றார்.

"மண்டை உடையற வரைக்கும் தம்பி காத்திருக்கணுமா?" என்று கேட்டார் ஒரு நீதிபதி. பக்கத்தில் இருந்த இன்னொரு நீதிபதி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "செத்த பிள்ளையும் இவங்க பிள்ளைதானே. அவன் மேல பொய்ப் பழி போட எந்தத் தாய்க்கு மனசு வரும்?"

தாய் என்பதால் தள்ளிவிட்ட வார்த்தையை, தாய் என்பதாலேயே எடுத்துக்கொண்டார்கள். தற்காப்புக்காகச் செய்தது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சந்தோஷப்படுங்கம்மா." "படறேம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்த சின்னவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அம்மா, அண்ணன் நிஜமாவே அடிச்சிருப்பானா? இல்ல, பயமுறுத்தத்தான் ஓங்கினானா?"

பெரியவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஓங்கிய கை பாதியில் இறங்கியதும் உண்டு, இறங்காததும் உண்டு. அன்று எப்படி ஆகியிருக்கும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

"அடிச்சிருப்பான்டா" என்றாள். "இந்நேரம் உனக்குப் படம் மாட்டியிருப்பேன். சாப்பிடு."

அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள், "கோவிச்சுக்காதடா பெரியவனே" என்றாள்.

சின்னவன் அந்த மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். பட்டறை இருந்த தெருவில் நடக்க அவனுக்குக் கால் எழவில்லை. பேத்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று இவள் போனாள். மருமகள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இன்னும் என்ன சொல்ல வந்தீங்க அத்தை?"

உள்ளேயிருந்து பேத்தியின் குரல் கேட்டது. அது ஓயும் வரை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.