ஈ மேடம் கெடுத்த பூஜ்யம்

கல்லூரி விலங்கியல் துறையில் அவருக்கு ஒரே பெயர்தான்: ஈ மேடம். கண்ணாடிக் குப்பிகளில் ஈ வளர்த்து, எந்த மருந்துக்கு எத்தனை சாகிறது என்று பார்ப்பது வேலை. "நம்ம வீட்ல கொசுதான் நிம்மதியா இருக்கு" என்பார் தையல்காரக் கணவர்.

ஒருநாள் ஈ வளர்க்கும் பெட்டிக்குப் புது வெப்பமானி வந்தது. பொருத்திப் பார்த்தால், பழையது இத்தனை காலமும் குறைத்தே காட்டியிருக்கிறது. பெட்டிக்குள் அடுப்படிச் சூடு. அப்படியானால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரையில் ஈக்களைக் கொன்றது மருந்தல்ல, வெக்கை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுத உட்கார்ந்தார்.

செய்தி கேட்டுத் துறைத்தலைவர் ஓடி வந்தார். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கல்லூரிவாரியாக ஒப்பிடும் அட்டவணையொன்றை அவர் தம் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பெரிய வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு நேரே நூற்றுக்கணக்கில். இந்தக் கல்லூரிக்கு நேரே பூஜ்யம்.

"உலகத்துலயே நாமதான் மேடம் சுத்தம். அதுல போய் மண்ணள்ளிப் போடறீங்களே."

"குளிக்காதவன் சோப்புச் செலவே இல்லன்னு பெருமையடிச்ச மாதிரி இருக்கு சார். அங்க தேடறாங்க, கிடைக்குது. இங்க யாரு தேடினா?"

"அடுத்த மாசம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இந்தக் கட்டுரை போச்சுன்னா அதுவும் போச்சு. ஈயா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

"ஈ சொல்லாது சார். நான் சொல்லிடுவேனே."

எழுதினார். அட்டவணையில் பூஜ்யம் அழிந்து ஒன்று ஏறியது. கருவிப் பழுதால் நேர்ந்த தவறும், கூசாமல் இட்டுக்கட்டிய முடிவும் அதில் ஒரே கட்டத்தில்தான் விழும். வழுக்கி விழுந்தவரையும் பிக்பாக்கெட்டையும் ஒரே லாக்கப்பில் அடைக்கிற அறிவு அது. நேர்காணலில் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அந்த மோசடிப் பட்டியல்ல வந்தது நீங்கதானா?" என்று கேட்டார். பதவி, நாற்பது கட்டுரை எழுதிய இளையவருக்குப் போனது. நாற்பதில் ஒன்றைக்கூட எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. எண்ணினார்கள், அவ்வளவுதான்.

"நான் ஒரு தப்பை ஒத்துக்க வருஷக்கணக்கா ஆகுது. நீ யாரும் கேக்காமலே ஒத்துக்கற" என்றார் கணவர்.

"அதான் நீ தைக்கிற சட்டைக்கெல்லாம் ஒரு கை நீளம்."

அடுத்த வாரம் அந்தப் புதுப் பேராசிரியர் ஈ அறை வாசலில் வந்து நின்றார். குப்பிகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"மேடம், அந்தக் கடிதம் எப்படி எழுதினீங்க?"

"எத்தனை கட்டுரைக்கு தம்பி?"

அவர் ஒரு கை விரல்களை மடக்கி முடித்து, மறு கைக்கு வந்தார். ஈ மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. டீ சொல்றேன்."