அணையாத மஞ்சள் விளக்கு

சாவியைத் திருப்பினால் எரியவேண்டும், எஞ்சின் கிளம்பியதும் அணையவேண்டும். பைக் மீட்டரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்குக்கு இருக்கும் வேலையே அவ்வளவுதான். அன்று காலை போடியில் எங்கள் வீட்டு வாசலில், வண்டி கிளம்பிய பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தது.

பின்னால் புதுப்புடவையில் என் மனைவி. மலைமேல் போடிமெட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள். பல வருஷம் காத்திருந்து கிடைத்த டீச்சர் வேலை. நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று வீம்பு பிடித்து, அதற்காகவே முந்தின நாள் வண்டியை நானே சர்வீஸ் செய்திருந்தேன். மெக்கானிக்குகளை நம்புகிற ஆள் இல்லை நான்.

“தோட்டத்து ஜீப்புல போயிர்றேனே?” என்றாள்.

“உக்காரு. போகப்போக அணைஞ்சிரும்.”

அணையவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் என் கண் ரோட்டில் நிற்கவே இல்லை. வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நொண்டினாலாவது கோளாறைப் பிடிக்கலாம். ஒரு வளைவில் நிறுத்தி ஆயிலைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்த வளைவில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி மாட்டினேன். அதற்கடுத்து ஸ்பார்க் பிளக். கை சுட்டதுதான் மிச்சம்.

“மணியப் பாத்தீங்களா?” என்றாள். நான் பிளக்கைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து தோட்டத்து ஆட்களோடு ஒரு ஜீப் வந்தது. அவளே கையைக் காட்டி நிறுத்தினாள். “ஏறு ஆத்தா, வெரசா” என்று உள்ளே இருந்த பெண்கள் இடம் கொடுத்தார்கள். ஏறப்போனவள் திரும்பி, “நேத்து மருந்தடிக்கிற மோட்டார்லதானே வண்டியக் கழுவுனீங்க? அப்பவே வேணாம்னேன்” என்றாள். ஜீப் போய்விட்டது.

எங்களைப் போன்ற ஏலக்காய்த் தோட்டக்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். செடிக்கு மருந்தடித்து முடித்து மோட்டாரை அலசும் சாக்கில், ஜீப், தார்ப்பாய், மாட்டுக்கொட்டகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதே குழாயால் அடித்துக் கழுவிவிடுவோம். சேறு என்ன, பெயிண்டே பெயர்ந்துவிடும் அந்த வேகத்தில். திறந்து மாட்டியதையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்குக் கழுவியதன் மேல் சந்தேகமே வரவில்லை. கழுவுவதை யார் வேலையாக நினைக்கிறார்கள்?

சீட்டைத் தூக்கினேன். அந்த விளக்குக்குத் தகவல் சொல்லும் சென்சார் வயர் சொருகியிருக்கும் பிளாஸ்டிக் முனையை இழுத்ததும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. வாய் வலிக்க ஊதி, சட்டை நுனியால் துடைத்துச் சொருகினேன். இரண்டு மூன்று தடவை அணைத்துக் கிளப்பியதில் விளக்கு அணைந்தது. அந்த மலையில் தன்னந்தனியாக நின்று, “பாத்தியா!” என்று கத்தினேன்.

விரட்டிப் போனேன். பள்ளிக்கூட வாசலில் அவள் ஜீப்பிலிருந்து இறங்கிப் புடவைக் கசங்கலை நீவிக்கொண்டிருந்தாள். மணி இன்னும் அடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

“அணைஞ்சிருச்சா?”

“அணைஞ்சிருச்சு” என்றேன், பெருமை தாங்காமல்.

“நல்லது. பாத்துப் போங்க. சாயங்காலம் திரும்பி வர்றதுக்கு ஜீப்புல சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.