கயிற்றில் ஏறி வந்த ஏரித் தண்ணீர்

தென்துருவத்து ஏரித் தண்ணீரை உலகத்தில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பர்மாவில், பசுந்தாங் பகுதியில், எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில் ஒரே சாயங்காலத்தில் நாற்பத்தோரு பேர் குடித்தார்கள். மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நின்று, பிஸ்மில்லா சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார்கள். அந்தத் தண்ணீருக்குச் சொந்தக்காரி நான். எனக்கு மட்டும் குடிக்க ஒரு சொட்டு கிடைக்கவில்லை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் டியூட்டராக இருந்தேன். தெருவில் எல்லோருக்கும் நான் சயாமா, அதாவது டீச்சர். வயது இருபத்தெட்டு. வீட்டில் கவலைப்படுவதற்கு வசதியாக அதை முப்பது என்று வைத்திருந்தார்கள். என் ஆராய்ச்சி பெரிய விஷயமெல்லாம் இல்லை. தாகேதாவில் கட்டிக்கொடுத்த என் அக்காவின், எங்கள் பேச்சில் லாத்தாவின், வீட்டில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். மச்சானின் வெள்ளைச் சட்டை ஆறே மாதத்தில் டீ நிறத்துக்கு வந்துவிடும். லாத்தா சோப்பைத் திட்டுவாள். சோப்பு மேல் குற்றமில்லை, தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று எண்களோடு ஒரு கட்டுரை எழுதினேன். லாத்தா அதைப் படிக்கவும் இல்லை, சோப்பைத் திட்டுவதை நிறுத்தவும் இல்லை.

அந்தக் கட்டுரையை இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, திறக்காத பக்கத்தை அரை மணி நேரம் முறைத்துப் பார்த்து, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் தென்துருவத்தில் ஆராய்ச்சி செய்பவர். அங்கே கோடையில் சில வாரம் மட்டும் பனி உருகி ஓடைகள் ஓடுமாம். அவை போய்ச் சேரும் ஏரிகளின் மேல் எப்போதும் ஐஸ் மூடியிருக்குமாம். அந்தத் தண்ணீரில் இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் எவ்வளவு என்று அளப்பதுதான் அவர் வேலை. ஒரு பெரிய குளத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு அதைத் தேடுவது போன்ற அளவு. ஒரு தூசி விழுந்தாலும், ஒரு விரல் பட்டாலும் கணக்கு கெட்டுவிடும்.

அவர் பதில் போட்டார். ஏரித் தண்ணீர் ஒரு பாட்டில் அனுப்புகிறேன், நான் ஏற்கனவே அளந்துவிட்டேன், நீயும் அள, எண்கள் ஒத்துப் போனால் உனக்கு என் ஆய்வகத்தில் இடம் உண்டு என்று எழுதியிருந்தார். அமிலத்தை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அளப்பதற்கு முன் நீயே சேர்த்துக்கொள் என்றும் எழுதியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ். அவரே சேர்த்து அனுப்பியிருந்தால் நாற்பத்தோரு தொண்டைகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

உம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. கல்யாணம் முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்பது உம்மாவின் கட்சி. போய்விட்டு வந்து பார்க்கலாம் என்பது என் கட்சி. இடம் கையில் கிடைத்த பிறகு சண்டையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். இதை இங்கே மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் இன்றுவரை பழி கப்பல்காரர் மேல்தான்.

கப்பல்காரர் என்பவர் கப்பலில் வேலை பார்ப்பவர், எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் முன்பு குடியிருந்து, பிறகு தின்கன்ஜூனுக்கு வீடு மாறிப் போனவர். தபாலில் வந்தால் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் பாட்டிலைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து அவரையே கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சொன்னபடி கொண்டுவந்தார். ஆனால் ஐந்து மாடி ஏற அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எங்கள் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து மணியடித்தார். பையைக் கொக்கியில் மாட்டினார். "பார்சல்" என்று ஒரு சொல் கத்திவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பத்திரிகை, காய்கறி, பால் எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும். அன்று தென்துருவத்து ஏரியும் ஏறியது.

அது ஹஜ்ஜுக்குப் போனவர்கள் திரும்பும் நேரம். உம்மாவின் தம்பி, என் மாமா, மக்காவிலிருந்து இன்னும் இரண்டு நாளில் வர இருந்தார். எங்கள் கூட்டத்தில் ஹாஜி வருவதற்கு முன்பே அவர் கொடுத்தனுப்பிய ஜம்ஜம், மக்காவின் புனிதக் கிணற்றுத் தண்ணீர், வந்து சேர்வது வழக்கம்தான். உம்மா பையைத் திறந்தால் உள்ளே ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, வாயைச் சுற்றி டேப், நடுவில் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீருக்கு இத்தனை மரியாதை செய்து அனுப்புவதென்றால் அது வேறு எந்தத் தண்ணீராக இருக்கும்? மேலே ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தை விமானக்காரர்கள் ஒட்டியது என்று உம்மா எடுத்துக்கொண்டார்.

மாலையில் நான் மாடியேறி வந்தபோது வாசலில் செருப்புக் கடை போட்டதுபோல் இருந்தது. ஹாலில் கூட்டம். நடுவில் எங்கள் பெரிய பித்தளைக் குண்டான். ஜம்ஜம் கொஞ்சமாக இருந்தால் சாதாரணத் தண்ணீரில் கலந்து எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்படி செய்வார்கள். உம்மாவும் கலந்திருந்தார். பித்தளைக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும்தான். நான் தேட வேண்டியிருந்த நான்கில் இரண்டு அங்கேயே பாத்திரமாக உட்கார்ந்திருந்தன.

மூலையில் கிடந்த பையில் என் பெயரைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். லாத்தா கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய, அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு உம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "உம்மா, இதுல பைப்புத் தண்ணி எவ்ளோ ஊத்துனீங்க?"

"கண்ணளவுதான்."

"கண்ணளவுன்னா எத்தன டம்ளரு?"

"ஜம்ஜத்துக்கு எவன்டி டம்ளர் கணக்கு பாப்பான்? பரக்கத்து போயிரும்."

அன்று நான் சாப்பிடவில்லை. வெயில் தலைக்கேறியிருக்கும் என்று லாத்தா சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மாமா பெரிய கேனோடு வந்து இறங்கினார். "முந்தியே ஒரு பாட்டில் அனுப்புனீங்களே, அதுவே எல்லாருக்கும் பத்திருச்சு" என்று உம்மா சொல்ல, மாமா திகைத்தார். "நா யாருக்கும் ஒண்ணும் அனுப்பலயே லாத்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதுபோல. பேராசிரியர், ஏரி, செம்பு, துத்தநாகம், கப்பல்காரர், எல்லாம் கொட்டினேன். கொட்டும்போது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டு வருடக் கனவை ஒரு சாயங்காலத்தில் ஊருக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டீர்களே என்று கத்தினேன்.

முதலில் வாய் திறந்தது லாத்தா. "அப்ப நா கேட்ட துஆ?"

மாமா யோசித்துவிட்டு, "மனசுல நிய்யத்து சுத்தமா இருந்துச்சுல்ல, சேரும்" என்றார். ஆனாலும் பாதுகாப்புக்கு எல்லோரும் மறுபடி ஒருமுறை குடித்துக்கொள்வது என்று முடிவானது. மறுநாள் அதே நாற்பத்தோரு பேர் மாடியேறினார்கள். நான்காம் மாடி பர்மாக்கார ஆன்ட்டி மட்டும், தன் முழங்கால் வலிக்கு முதல் தண்ணீர்தான் நன்றாகக் கேட்டது, அதில் மீதம் இருக்கிறதா என்று என்னை ஓரமாக அழைத்து விசாரித்தார்.

மீதம் இருந்தது. அது உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று கூட்டம் போன பிறகு உம்மா அலமாரியைத் திறந்தார். தன்னை அடக்கம் செய்யும்போது போர்த்துவதற்காக எடுத்து வைத்திருந்த கஃபன் துணிக்குள்ளிருந்து அந்த பாட்டிலை எடுத்தார். அடியில் இரண்டு விரல்கடைத் தண்ணீர். மூச்சு அடங்கும்போது தன் வாயில் விடுவதற்காக, கலப்பதற்கு முன்பே ஒதுக்கி வைத்திருந்தார். என் கையில் கொடுத்துவிட்டு அசர் தொழப் போய்விட்டார்.

எங்கள் துறையின் பழைய கருவிக்கு அந்தத் தண்ணீர் போதும். அதற்குப் போதாதது கரண்ட். மூன்று நாள் காத்திருந்து அளந்தேன். இரும்பு, மாங்கனீசு, செம்பு மூன்றும் ஓர் ஏரிக்கு இருக்க வேண்டிய ஒழுங்கில் வந்தன. துத்தநாகம் மட்டும் எங்கேயோ போய் நின்றது. கொஞ்சம் குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு வெட்கமாக இருந்தது. வந்த எண்களை வந்தபடியே எழுதி, கயிறு, குண்டான், நாற்பத்தோரு பேர் எல்லாவற்றையும் கீழே சேர்த்து அனுப்பினேன்.

பதில் வர ஒரு மாதம் ஆனது. மூன்று எண்கள் ஒத்துப் போகின்றன, நான்காவது யாருடைய விரலோ, என் மாணவர்கள் இதைவிட மோசமாகக் கெடுப்பார்கள், ஆனால் சொல்ல மாட்டார்கள், நீ வா என்று இருந்தது.

உம்மாவிடம் விரலைப் பற்றிக் கேட்டேன். உம்மா வருடம் முழுக்க வேர்க்குரு பவுடர் பூசுகிறவர். அதில் துத்தநாகம் உண்டு.

"ஆமா, மொத மொதல்ல பாட்டிலுக்குள்ள வெரல விட்டு நனைச்சு ஒன் தலகாணியில தடவுனேன்."

"எதுக்கு?"

"நீ அந்த இன்டர்நெட்டு கடைக்கு எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியாதா? நீ எங்கயும் போயிரக் கூடாதுன்னு துஆ கேட்டேன்."

"அப்ப அந்த மீதித் தண்ணிய ஏன் எடுத்துக் குடுத்தீங்க?"

"அது ஒன் தண்ணி. அத வச்சுக்கிட்டு நா எப்புடி கண்ண மூடி மவுத்தாவுறது?"

கிளம்பும் நாளில் உம்மா என் பெட்டிக்குள் ஒரு சிறிய பாட்டிலை வைத்தார். இரண்டு பைகள், வாயைச் சுற்றி டேப், மேலே ஒட்டிய காகிதத்தில் உம்மாவின் கோணல் தமிழ் எழுத்து: "இது நெச ஜம்ஜம். சோதிக்காதே."

இங்கே, பேராசிரியரின் ஆய்வகத்தில், என் மேசைக்குப் பக்கத்திலேயே நல்ல கருவி இருக்கிறது, கரண்டும் போவதில்லை. இன்னும் நான் அந்தப் பாட்டிலைப் பிரிக்கவில்லை.