பகல் நேரத்து அதிர்வு

அல்போன்சாவின் வேலை நாள் வெடிகளைக் கழிப்பதில் தொடங்கும். முந்தைய நாள் பூமி அசைந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கும். நிலநடுக்கமும் கல்குவாரி வெடியும் அதற்கு ஒன்றுதான். ஆள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இருபது வருடங்களுக்கு மேலாக அவள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

திரையில், கருவி வைத்த ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கோடு. கோடு சும்மா போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நடுக்கம். சற்றுத் தள்ளி அதைவிடப் பெரிதாக இன்னொன்று. வேகமான அலை முதலில் வருகிறது, மெதுவான அலை பின்னால் வருகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, சம்பவம் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று சொல்லிவிடும். மூன்று நிலையங்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடமும் தெரிந்துவிடும்.

வெடியா நடுக்கமா என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். எந்த நிலையத்தில் பார்த்தாலும் கோடு முதலில் மேலே ஏறும். நிலநடுக்கத்தில் பாறை ஒரு விரிசலின் மேல் வழுக்குகிறது. ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். சில நிலையங்களில் கோடு மேலே போகும், சிலவற்றில் கீழே இறங்கும். அந்த முதல் அசைவைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

யாரும் பார்ப்பதில்லை. நகரத்துக்கு வடக்கே அத்தனை குவாரிகள். மதியம் ஆட்கள் குழியிலிருந்து ஏறிச் சாப்பிடப் போனதும் வெடி வைப்பார்கள். எனவே பகலில் அந்தப் பக்கத்திலிருந்து வருவது வெடி. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். புதிதாக வந்தவர்களுக்கு அவளும் அப்படியே சொன்னாள். நேரத்தைப் பார், இடத்தைப் பார், ‘வெடி’ என்று குறி, அடுத்ததற்குப் போ.

அந்தக் குவாரிகளில் ஒன்றில் வெடி வைப்பவன் அவளுடைய தம்பி ரெமிஜியஸ்.

அவர்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்துக்குள் பாறைக்கு வெடி வைத்தவர். சுரங்கம் மூடியபோது அல்போன்சா பி.எஸ்ஸி. முடித்து பெங்களூருக்கு வந்திருந்தாள். ரெமிஜியஸ் பிறகு வந்து, லைசென்ஸ் எடுத்து, அப்பாவின் தொழிலையே வெளிச்சத்தில் செய்தான். அவன் மனைவி லவினாவோடு மர்பி டவுனில் இருந்தான். அல்போன்சா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருந்தாள்.

ஒரு வருடம் ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அவள் மர்பி டவுனுக்குப் போயிருந்தாள். லவினா பிரியாணியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரிய வெள்ளிக்கிழம எங்கடா இருந்த?” என்றாள் அல்போன்சா.

“சர்ச்ல. சிலுவப்பாத முடிச்சிட்டுத்தான் வந்தேன்.”

“சிலுவப்பாதைய குவாரியிலயா வெச்சாங்க? மூணு மணிக்கு ஒண்ணு வெச்சிருக்க. ஆண்டவர் உயிர் விட்ட நேரம் பாத்து.”

ரெமிஜியஸ் எலும்பை வாயிலிருந்து எடுத்தான். “முதலாளி வெக்கச் சொன்னான்க்கா. லோடு அர்ஜென்ட்டுன்னான்.”

“என்னாண்ட சர்ச்சுன்ன?” என்றாள் லவினா.

“இவ பொண்டாட்டியா, சிசிடிவியான்னு தெரியாம நான் ஏற்கெனவே தவிக்கிறேன். இப்ப பூமிக்குள்ள வேற அக்கா கேமரா வெச்சிருக்கு.”

மூவரும் சிரித்தார்கள். “நீ என்னாண்ட பொய் சொல்லலாம். மெஷினாண்ட சொல்ல முடியாது” என்றாள் அல்போன்சா. அதற்குப் பிறகு தம்பி அவளிடம் எது சொன்னாலும் அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஞாபகம் வந்தது.

அந்த வருட மழைக்காலத்தில், ரெமிஜியஸின் குவாரிக்குப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து ஒரு பெண் செத்துப்போனாள். மதியம் ஒரு சத்தம் கேட்டது, தரை குலுங்கியது, சுவர் விழுந்தது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அது நிலநடுக்கமா என்று கேட்டு தாலுகா ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

ஸ்ரீஹர்ஷா அந்தப் பிரிவின் விஞ்ஞானி, அவளைவிட இளையவர். அவளிடம் கன்னடத்தில்தான் பேசுவார். கதவருகில் நின்றபடியே கேட்டார். “மேடம், அன்னைக்கு மதியம் அந்த ஊர்ல ஒண்ணு இருக்கு. என்ன அது?”

அல்போன்சா வேறொரு கோட்டில் இருந்தாள். பழைய பதிவைத் தேடி அதில் என்ன குறித்திருக்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

“பிளாஸ்ட் சார்.”

“சரி, அப்படியே எழுதிடறேன்.”

குறித்தது அவள்தான். மறுநாள் காலையில், மற்ற வெடிகளோடு சேர்த்து.

இரண்டு நாள் கழித்து ரெமிஜியஸ் லிங்கராஜபுரத்துக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“அக்கா, அன்னைக்கு நான் வெக்கல. மழ. வெடிமருந்து போடற துளையெல்லாம் தண்ணி. முதலாளி என்னடான்னா, எனக்குத் தெரியாம அவனா வெச்சிருப்பான்றான். போலீஸ்ல உங்க ஆபீஸ் லெட்டர காட்றாங்க.”

“உள்ள வா.”

“நீ சொல்லு. நான் வெக்கல.”

“பெரிய வெள்ளிக்கிழம கூட நீ சர்ச்லன்னுதான் சொன்ன.”

“அது வேறக்கா.”

“மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான் ரெமி. உண்மைய ஒத்துக்க. ஒரு பொம்பள செத்திருக்கா.”

அவன் மாடிப்படி இறங்கிப் போனான். அந்த வாரம் அவனைக் கைது செய்தார்கள்.

லவினா வக்கீலோடு வந்தாள். ஆபீசில் ஒரு தடவை திரும்பப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று வக்கீல் கேட்டார். அல்போன்சா டீ போட்டுக் கொடுத்தாள். “தம்பிக்காக நான் பாத்தத மாத்திச் சொல்ல முடியாது” என்றாள். சொன்னபோது அவளுக்குத் தன்மேல் ஒரு மரியாதைகூட இருந்தது. லவினா டீயைத் தொடவில்லை.

ஜாமீனில் வெளியே வந்த பிறகும் அவன் அவளைத் தேடி வரவில்லை. லைசென்ஸ் போய்விட்டது என்று கேள்விப்பட்டாள். கொஞ்ச நாளில் லவினா தங்கவயலில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும் கேள்விப்பட்டாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு மர்பி டவுன் வீடு பூட்டியிருந்தது. அல்போன்சா கொண்டுபோன கேக்கை ஆபீசில் வெட்டினாள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஊர் மறுபடி குலுங்கியது. குவாரியில் வெடிக்குத் தடை இருந்தும் குலுங்கியது. ஜனங்கள் வீட்டுக்குள் படுக்கப் பயந்து வெளியே தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். ஸ்ரீஹர்ஷா ஜீப்பில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்திலும் பால் சொசைட்டியிலும் ஒரு கோழிப்பண்ணையிலும் குழி தோண்டி வைத்துவிட்டு வந்தார். அவை அனுப்பிய கோடுகள் அல்போன்சாவின் திரைக்கு வந்தன.

குட்டி குட்டியாக நடுக்கங்கள். ராத்திரியிலும், விடியற்காலையிலும், ஞாயிற்றுக்கிழமையிலும். எல்லாம் ஊருக்கு நேர் கீழே, அதிக ஆழமில்லாத ஒரே விரிசலில். நேரத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாததால் அவள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். தெற்கிலுள்ள நிலையத்தில் கோடு ஒவ்வொரு தடவையும் முதலில் கீழேதான் இறங்கியது.

ஸ்ரீஹர்ஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உற்சாகமாக இருந்தார். “நாடு மொத்தமும் வடகிழக்கா நகருது மேடம், நகம் வளர்ற வேகத்துல. அங்க போய் இமயமலையில முட்டுது. அந்த அழுத்தம் இங்க வரைக்கும் பாறைக்குள்ள வந்து பழைய விரிசல்ல நிக்குது. நல்ல மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்கும். அழுத்தி நின்ன பாறை லேசா வழுக்கும், அவ்வளவுதான். இது இந்த வருஷம் மட்டும் வந்ததா இருக்காது. போன வருஷமும் நல்ல மழை. நாம வெடின்னு போட்டதையெல்லாம் எடுங்க.”

எடுத்தாள். அந்தத் தேதி வந்தது. அவள் தானே அதைத் திறந்தாள். பெரிதாக்கினாள். கோடு நேராக வந்து, ஒரு கணம் தயங்கினதுபோல் நின்று, கீழே இறங்கியது. ஸ்ரீஹர்ஷா புதிய நடுக்கம் ஒன்றை அதன்மேல் கொண்டுவந்து வைத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஒரே விரிசல். ஒரே அலை.

“எல்லாருமே அப்படித்தானே போடறோம் மேடம். தாலுகாவுக்குத் திருத்திக் கடிதம் அனுப்பிடலாம்” என்றார் அவர். கைது செய்யப்பட்டவன் அவளுடைய தம்பி என்று அவருக்குத் தெரியாது. அவள் சொன்னாள். அவர் நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

கடிதம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அல்போன்சா எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறினாள். அங்கே ஓர் அபார்ட்மென்ட்டில் ரெமிஜியஸ் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று மர்பி டவுனில் விசாரித்து வைத்திருந்தாள்.

நீலச் சட்டையில் அவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து, உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“சாப்ட்டியாக்கா?”

“அது நிலநடுக்கம் ரெமி. நீ வெக்கல. ஆபீஸ்லருந்து திருத்தி அனுப்பிட்டாங்க. வக்கீல்ட்ட காப்பி குடுத்துட்டேன். லைசென்ஸ் திரும்பக் கெடைக்கும்.”

உணவு கொண்டுவந்த ஒருவன் வண்டியை நிறுத்தினான். ரெமிஜியஸ் எந்த வீடு என்று கேட்டு அவனை உள்ளே விட்டான். பிறகு கேட்டின் குறுக்குக் கம்பியை இறக்கினான்.

“அன்னைக்கு அந்தக் கோட்ட நீ பாத்தியா?” என்றான்.

“இல்ல. நேரத்தப் பாத்தேன். மதியம்னு இருந்திச்சி.”

அவன் தலையாட்டினான். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உள்ள இருக்கும்போது அதத்தான் நெனச்சினு இருந்தேன்” என்றான். “அக்கா பாத்திருக்கும். பாக்காம சொல்லாது. அப்ப நான் வெச்சதுதான் வெடிச்சிருக்கணும். அன்னைக்கு வெக்கல, ஆனா ரெண்டு நாளு முன்ன வெச்சேன். அதுல ஒரு துள வெடிக்காம நின்னுபோயி அப்புறமா வெடிச்சிருக்கும். எண்ணி எண்ணிப் பாத்தேன். ஒரு துள கொறையற மாதிரியே இருந்திச்சி.”

“ரெமி.”

“வெளிய வந்ததும் அந்த ஊருக்குப் போனேன். அந்தாளு, செத்தவ புருஷன், மாட்டுக்குத் தண்ணி காட்டினு இருந்தான். கால்ல வுழுந்து, என் வெடிதான்னு சொல்ட்டேன். அடிக்கல. வாளிய கீழ வெச்சிட்டு அப்டியே நின்னான். லவினாகிட்டயும் வந்து சொன்னேன். அவ அதுவரைக்கும் நம்பினுதான் இருந்தா.”

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் ஓடிப்போய்க் கம்பியைத் தூக்கினான். காரிலிருந்த பெண் கண்ணாடியை இறக்கி, தூங்குகிறாயா என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனாள். அவன் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். அல்போன்சா எழுந்து அவனிடம் போனாள்.

“லவினாவ நான் போய்ப் பாக்குறேன்.”

“அவகிட்ட அப்புறம் போ. மொதல்ல அந்தாளுகிட்ட போ. ஒரு வருஷமா என் மூஞ்சிய நெனச்சினு இருப்பான்.”

“நீயும் வா. ரெண்டு பேரும் போலாம்.”

“நான் வர்ல. கால்ல வுழுந்து ஒண்ணு சொல்லிட்டு, இப்ப வந்து அது இல்ல வேறன்னா? நீ ஆபீஸ் ஆளு. நீயே சொல்லு.”

“இன்னான்னு சொல்ல?”

“எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. பாக்கலன்னு.”

அடுத்த கார் வந்தது. அவன் கம்பியைத் தூக்கி, அது போனதும் இறக்கினான். பிறகு, வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“ஊருக்குள்ள போனா பால் சொசைட்டி வரும். அதத் தாண்டி ரெண்டாவது சந்து. முன்பக்கம் சொவுரு இருக்காது, தார்ப்பாய் கட்டியிருப்பான். யாரையும் கேக்க வேணாம், பாத்தாலே தெரியும். வேலைக்குப் போயிருந்தா வெளியவே ஒக்காந்திரு. வந்துருவான்.”